எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியும் நீதிமன்ற வாசலும்

(தொழிலாளர் சட்டம் பற்றிய பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் வாசகம்)



எண்ணெய்க் கிணறு ஒன்றேனும் இல்லாத இந்நாட்டில், எண்ணெய்க் கிணற்றில் கைகால் இழந்தவனின் நட்ட ஈட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தில் நாம் ஊற்றும் எண்ணெய், எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு தொழிலாளி நிலத்தையோ கடலடியையோ துளைத்து எடுத்தது. அதனால் அவனைப் பற்றி அறிந்துகொள்வது நம் கடமை என்று சொல்லி நிறுத்தினாலும் போதும். ஆயினும் அதனினும் அண்மையான காரணங்கள் இரண்டு உள்ளன. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைக்கிறார்கள். எண்ணெய் எடுக்கும் இடங்களிலும் அதைச் சுத்திகரிக்கும் இடங்களிலும் அவர்கள் நிற்கிறார்கள். மற்றது, 2011ஆம் ஆண்டில் மன்னார்க் கடற்படுகையில் தோண்டப்பட்ட கிணறுகளில் இயற்கை வாயு இருப்பது கண்டறியப்பட்டது. டொராடோ, பரகூடா என்று அக்கிணறுகளுக்குப் பெயரும் இட்டார்கள். அவ்வாயு வெளியே வரும் நாள் எந்நாளாயினும், அன்று மேடையில் ஏறி நிற்பவர்களில் மன்னார்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். அப்போது சட்டம் படிக்கத் தொடங்குவது, வெள்ளம் வந்தபின் வரம்பு கட்டுவதற்கு ஒப்பாகும்.

நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது ஒன்றே. எண்ணெய்த் தொழிலில் காயமுற்றவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை, அவன் காயத்தின் ஆழம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவன் யாருடைய ஆள், எந்த மண்ணில் அல்லது எந்த நீரில் நின்றான், விபத்தின் பின் எந்தக் காகிதத்தில் கையொப்பமிட்டான் என்பவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகையால் அவனுக்குச் சட்ட உதவி கிடைக்க வேண்டிய வேளை, நீதிமன்றத்தில் வழக்குக் கூப்பிடப்படும் வேளையன்று. அதற்கு வெகு முன்னதாகும்.

சிறிது பின்னோக்கிப் பார்ப்போம். 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி எதிர் பவுலர் என்று ஒரு வழக்கு நடந்தது. பிரீஸ்ட்லி ஓர் இறைச்சிக் கடைக்காரனின் வேலையாள். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி சரிந்து, அவனுடைய தொடை எலும்பு முறிந்தது. யூரிமார் அவனுக்கு 100 பவுண் கொடுக்கத் தீர்த்தார்கள். மேல் நீதிமன்றமோ அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இந்த வேலையாளுக்கு ஈடு கொடுத்தால், நாளைக்கு ஒவ்வொரு வேலையாளும் எசமானைக் கூண்டில் ஏற்றிவிடுவான் என்பது நீதிபதிக்கு ஏற்பட்ட அச்சம். அவ்வழக்கை வித்தாகக் கொண்டு, தொழிலாளியின் முகத்தில் அறைந்து சாத்தப்படும் கதவுகள் மூன்று வளர்ந்தன. உன்னோடு வேலை செய்தவனின் கவனக்குறைவால் நீ காயப்பட்டாய், அதற்கு எசமான் பொறுப்பல்ல என்பது ஒன்று. வேலையின் ஆபத்தை அறிந்துதானே ஏற்றாய் என்பது இன்னொன்று. உன் பிழையும் சிறிது உண்டு, ஆகையால் உனக்கு ஒரு சதமும் இல்லை என்பது கடைசி. பிரித்தானியாவும் அமெரிக்காவும் அரை நூற்றாண்டுக்கு மேல் இம்மூன்றையும் வைத்துத்தான் தொழிலாளியைத் திருப்பி அனுப்பின.

1897இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பிழை யாருடையது என்று துருவாமல், வேலையினாலும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு ஈடு கொடுப்பது அதன் சாரம். நம் நாட்டின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்ட ஈட்டுக் கட்டளைச் சட்டம் அந்த வழியில் வந்ததே. இது ஒரு பேரம் என்பதை நாம் மறக்கலாகாது. தொழிலாளிக்குச் சிறு தொகை நிச்சயமாகக் கிடைக்கும். முழு நட்டமும் கிடைக்காது. இந்தப் பேரத்தை எந்த நாடு எப்படி எழுதிக்கொண்டது என்பதிலேதான் எண்ணெய்த் தொழிலாளியின் தலைவிதி தங்கியிருக்கிறது.

இனி வட கடலுக்குச் செல்வோம். ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவில் பைப்பர் அல்பா என்னும் கடல்மேடை நின்றது. 1976இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய மேடை அது. பின்னர் வாயுவையும் கையாண்டது. நடத்தியது ஒக்சிடென்டல் என்னும் அமெரிக்கக் கம்பனியின் கிளை. 1988 யூலை 6ஆந் தேதி இரவு அம்மேடை எரிந்து கடலில் விழுந்தது. மேடையில் 226 பேர் இருந்தனர். 61 பேர் தப்பினர். காப்பாற்றச் சென்ற படகில் இருந்த இருவரையும் சேர்த்து 167 பேர் மாண்டனர். முப்பது பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

விபத்து நேர்ந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் சட்டத்தரணி ஒருவர் எதைத் தேட வேண்டும் என்பதை அது காட்டுகிறது. வாயுவிலிருந்து பிரிந்து வரும் திரவத்தைத் தள்ளுவதற்கு அங்கு இரண்டு பம்பிகள் இருந்தன. ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகலிலே பரிசோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. வால்வு இருந்த வாயை ஒரு மூடியால் தற்காலிகமாக அடைத்துவிட்டுப் போனார்கள். அந்த வேலைக்கு ஓர் அனுமதிச் சீட்டு உண்டு. அதே பம்பியின் வேறொரு வேலைக்கு வேறொரு சீட்டு உண்டு. இரவு முறைக்கு வந்தவர்களுக்கு, வால்வு இல்லை என்பதைச் சொல்லும் சீட்டுத் தெரியவரவில்லை. பத்து மணிக்குச் சற்று முன் மற்றப் பம்பி நின்றது. கழற்றப்பட்ட பம்பியை இயக்க முற்பட்டார்கள். திரவம் கசிந்தது, வெடித்தது. கடலில் சுழியோடிகள் இறங்கும் வேளைகளில் அவர்களை உறிஞ்சிவிடாதிருக்கும் பொருட்டுத் தீயணைப்புப் பம்பிகள் தாமாக இயங்காதபடி வைக்கப்பட்டிருந்தன. ஆதலால் நீர் வரவில்லை. அயல் மேடைகளிலிருந்து வந்த வாயுக் குழாய்கள் வெடித்துத் தீக்கு உணவளித்தன. தங்குமிடத்திலே கூடி ஹெலிகொப்டர் வருமென்று காத்திருந்தவர்களிற் பெரும்பாலோர் புகையில் மூச்சடைத்து மாண்டார்கள். தப்பியவர்களிற் பலர், காத்திருக்க மறுத்துக் கடலிலே குதித்தவர்கள்.

ஒரு துண்டுக் காகிதம் கைமாறாத குறைக்கு இத்தனை உயிர்! அக்காகிதத்தை எழுதியவன் யார், வாங்கியவன் யார், எந்தக் கம்பனியின் சம்பளத்தில் இருந்தான் என்பதே பின்னர் வழக்குகளின் அச்சாணி ஆயிற்று.

மேடையிலிருந்தவர்களிற் பெரும்பாலோர் மேடையை நடத்திய கம்பனியின் வேலையாட்கள் அல்லர். சாரம் கட்டுவோர், சாயம் பூசுவோர், மின்சாரக்காரர், சமையற்காரர் என்று இருபதுக்கு மேற்பட்ட ஒப்பந்தகாரரின் ஆட்கள். விதவையொருத்தி யாரிடம் கேட்பது? ஒப்பந்தகாரரிடம் சென்றால், மேடை எங்களுடையதன்று என்பார்கள். கம்பனியிடம் சென்றால், உன் கணவன் எங்கள் ஆளல்லன் என்பார்கள். இரு பக்கத்திலும் காப்புறுதிக் கம்பனிகளின் சட்டத்தரணிகள் விபத்துக்கு மறுநாளே வேலை தொடங்கிவிடுவார்கள். அவளுடைய பக்கத்திலோ துக்கம் விசாரிக்க வந்தவர்களே இருப்பார்கள்.

இங்கேதான் ஸ்கொத்லாந்தின் சட்டத்தரணிகள் ஒரு நல்ல காரியஞ் செய்தார்கள். தத்தம் கட்சிக்காரருக்காகத் தனித்தனியே பேரம் பேசாது, குடும்பங்களுக்காகத் தோன்றிய சட்டத்தரணிகள் ஒரே குழுவாகக் கூடினார்கள். சான்றுகளைச் சேர்த்தார்கள்; ஒரே குரலிற் பேசினார்கள். தனியே சென்ற குடும்பத்துக்கு முதலிற் சொல்லப்படும் சிறு தொகையை, அவசரப்பட்டு ஏற்க வேண்டாமென்று எல்லோரும் ஒன்றாக மறுக்க முடிந்தது. நம் ஊர்களில் ஒரே விபத்தின் வழக்குகளைப் பத்துச் சட்டத்தரணிகள் பத்து வழியில் இழுத்துச் செல்வதைக் கண்டிருக்கும் நமக்கு இது ஒரு பாடமாக அமையட்டும். சபையிலிருக்கும் சட்டத்தரணி நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அவர்கள் கையில் இன்னோர் ஆயுதமும் இருந்தது. ஸ்கொத்லாந்தில் நட்ட ஈடு குறைவு என்றால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வழக்குத் தொடுப்போம் என்றார்கள். கம்பனி அமெரிக்கப் பணத்தில் நடப்பது. டெக்சாஸில் யூரிமார் தொகையைத் தீர்மானிப்பார்கள். அவர்கள் தீர்மானிக்கும் தொகை ஸ்கொத்லாந்து நீதிபதிகள் கொடுப்பதைப் போலப் பன்மடங்காக இருத்தல் கூடும். வழக்கு டெக்சாஸ் ஏறவில்லை. ஏறிவிடும் என்ற அச்சமே போதுமானதாயிற்று. ஸ்கொத்லாந்தின் தொகைக்கும் அமெரிக்காவின் தொகைக்கும் இடையே ஒரு தொகைக்குக் கம்பனி இணங்கியது. அதற்கு ‘நடு அத்திலாந்திக்’ இணக்கம் என்று பெயர் வழங்கிற்று. இரு கரைகளுக்கும் நடுவே, கடலில் மிதக்கும் ஒரு விலை!

கொடுத்த பணத்தைக் கம்பனியின் பக்கத்தார் ஒப்பந்தகாரர்களிடமிருந்து திருப்பிக் கேட்டு வழக்காடினார்கள். உன் ஆளுக்கு நேரும் காயத்துக்கு நீயே பொறுப்பு என்று ஒப்பந்தங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அவ்வழக்கு 2002ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் கம்பனியின் பக்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. அந்தத் தீர்ப்பிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மேடையை நடத்துவோனும் ஒப்பந்தகாரனும் யார் கொடுப்பது என்பதை விபத்துக்கு வெகுகாலம் முன்பே எழுத்திலே தீர்த்துவைத்திருந்தார்கள். எழுத்திலே எதுவும் இல்லாமல் மேடையில் ஏறியவன் தொழிலாளி ஒருவனே.

கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990 நவம்பரில் வெளிவந்தது. அதன் 106 சிபாரிசுகளும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. கடல்மேடைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரம் எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடைய திணைக்களத்திடமிருந்து எடுக்கப்பட்டு, சுகாதார பாதுகாப்பு அதிகார சபையிடம் கொடுக்கப்பட்டது. கோழிக் கூட்டின் திறப்பை நரியிடமிருந்து வாங்குவதற்கு 167 உயிர் வேண்டியிருந்தது. கம்பனி மீது குற்றவியல் வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை.

இனி டெக்சாஸின் கதவைப் பார்ப்போம். அது அந்நியருக்கு எவ்வளவு காலம் திறந்திருந்தது? கொஸ்தாரிக்கா நாட்டின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள், பூச்சிகொல்லி மருந்தொன்றினால் மலடாகிப் போனோம் என்று டோ, ஷெல் ஆகிய கம்பனிகள் மீது டெக்சாஸில் வழக்குத் தொடுத்தார்கள். உங்கள் நாட்டிலே போய் வழக்காடுங்கள் என்று திருப்பி அனுப்ப முடியாது என 1990இல் அம்மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்து தெளிக்கும் கமக்காரர்கள் இச்சபையில் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆனால் 1993இலேயே மாநிலச் சட்டசபை புதுச் சட்டமியற்றி, அவ்வாறு திருப்பி அனுப்பும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு மீட்டுக் கொடுத்தது. வட கடல் விதவைகள் காட்டிய கத்தி இன்று பெரும்பாலும் உறையினுள் இருக்கிறது. அயல்நாட்டு நீதிமன்றத்தை நம்பி நம் தொழிலாளி மேடையேறலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வட கடலிற் செத்தவனின் விலையை உயர்த்திய டெக்சாஸில், டெக்சாஸ்காரத் தொழிலாளியின் நிலை என்ன? அங்கும் 1913 முதல் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் உண்டு. ஆனால் தனியார் கம்பனி அத்திட்டத்திற் சேர்வதும் சேராமல் விடுவதும் பொதுவாக அதன் விருப்பம். திட்டத்தில் சேர்ந்த கம்பனியின் ஆள் காயப்பட்டால் வைத்தியச் செலவு கிடைக்கும். இழந்த வருவாயில் பொதுவாக நூற்றுக்கு 70 வீதம், அதிகமாக 104 கிழமை வரை கிடைக்கும். எசமான் மீது வழக்குத் தொடுக்க முடியாது. எசமானின் பாரதூரமான அசட்டையினால் தொழிலாளி இறந்தால் மட்டும், மனைவி மக்கள் தண்டனையான நட்ட ஈடு கேட்கலாம். உயிரோடு கிடந்து வருந்துபவனுக்கு அந்த வழி இல்லை.

திட்டத்தில் சேராத கம்பனியின் ஆள் வழக்குத் தொடுக்கலாம். அப்போது நாம் முன் சொன்ன மூன்று கதவுகளையும் அக்கம்பனி சாத்த முடியாதென்று சட்டம் தடுத்துவிடுகிறது. நல்லதுதான்! ஆயினும் எசமானின் அசட்டையைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும். அன்றியும், வேலைக்குச் சேரும்போதே, பிணக்கு வந்தால் நீதிமன்றம் செல்லேன், மத்தியஸ்தரிடமே செல்வேன் என்ற பத்திரத்தில் கையொப்பம் வாங்கிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அப்பத்திரம் செல்லுபடியானால் யூரிமாரின் முகத்தையே அவன் காண மாட்டான்.

எசமான் மீது வழக்கு இல்லையென்றவுடன் தொழிலாளியின் வழி முற்றாக அடைபட்டுவிட்டதென்று எண்ணலாகாது. எண்ணெய்க் கிணற்றடியில் நிற்பது ஒரு கம்பனியன்று. கிணற்றின் உரிமை ஒருவருக்கு, துளையிடும் இயந்திரம் இன்னொருவருக்கு. குழாய் இறக்குவோரும் சீமெந்து ஊற்றுவோரும் லொறி ஓட்டுவோரும் வேறு வேறு ஆட்கள். தன் எசமானல்லாத இன்னொரு கம்பனியின் அசட்டையால் காயப்பட்டவன், அக்கம்பனி மீது வழக்குத் தொடுக்கலாம். தேர்ந்த சட்டத்தரணி முதலிற் செய்வது, அன்று அந்தக் கிணற்றடியில் யார் யாருடைய ஆட்கள் நின்றார்கள் என்று பட்டியல் எடுப்பதே. உடைந்த சங்கிலி பழைய இரும்போடு போகுமுன் அதைப் பாதுகாக்கும்படி எழுத்திற் கேட்பது அடுத்தது. காலமும் காத்திராது. காயத்தை எசமானுக்கு 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். நட்ட ஈட்டு விண்ணப்பத்துக்கு ஓராண்டு. அசட்டைக்கான வழக்குக்கு இரண்டு ஆண்டு. எலும்பு பொருந்தட்டும், பிறகு பார்ப்போம் என்று கிடந்தவன், எலும்பு பொருந்தும்போது வழக்கை இழந்திருப்பான்.

கடலிலே சட்டம் இன்னும் விசித்திரமானது. மிதக்கும் மேடை சட்டத்தின் கண்ணில் கப்பல். அதில் வேலை செய்பவன் மாலுமி. 1920ஆம் ஆண்டு ஜோன்ஸ் சட்டத்தின்படி அவன் எசமான் மீது யூரிமார் முன்னிலையில் வழக்காடலாம். கடலடியில் கால் ஊன்றி நிற்கும் மேடையில் வேலை செய்பவன் மாலுமியல்லன். அவனுக்குத் துறைமுகத் தொழிலாளருக்குரிய திட்டப்படியான ஈடே உரியது. இருவருக்கும் முறிந்தது ஒரே எலும்பு. ஒருவன் மேடை அசைந்தது, மற்றவன் மேடை அசையவில்லை!

2010 ஏப்பிரல் 20ஆந் தேதி மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் என்னும் மிதக்கும் மேடை வெடித்துப் பதினொருவர் மாண்டனர். மூன்று கிழமை கழிந்தது. மேடையின் சொந்தக்காரரான ட்ரான்ஸ்ஓசன் கம்பனி, கப்பற் சொந்தக்காரரின் பொறுப்பை வரையறுக்கும் 1851ஆம் ஆண்டுச் சட்டமொன்றைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றஞ் சென்றது. தன் பொறுப்பு 2 கோடி 70 இலட்சம் டொலருக்கு உட்பட்டதே என்று பிரகடனஞ் செய்யும்படி கேட்டது. பாய்க்கப்பல் காலத்துச் சட்டம் எண்ணெய் மேடைக்குக் குடை பிடிக்க வந்தது. தப்பி வந்தவர்களுக்கோ, வீடு போய்ச் சேரும் முன்னரே, எங்களுக்குக் காயமில்லை என்று கூறும் படிவங்கள் கையொப்பத்துக்கு நீட்டப்பட்டன. உறக்கமின்றி நின்றவன், மனைவியின் முகத்தைக் காணவேண்டுமென்ற ஒரே எண்ணத்தோடு நின்றவன், படிவத்தைப் படித்தா கையொப்பமிடுவான்? காதடைப்பும் முதுகுவலியும் நடுக்கமும் ஒரு கிழமை கழித்தல்லவா தெரியவரும்!

சட்டத்தரணியின் கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வென்றால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற முறை நிலவுகிறது. பங்கு மூன்றில் ஒன்று, சில வேளை அதற்கும் மேல். டெக்சாஸின் நட்ட ஈட்டுத் திட்ட வழக்குகளில் மட்டும் நாலில் ஒன்றுக்கு மேற்போகலாகாது என்று வரம்புண்டு. இம்முறையால் வைத்தியசாலைக் கட்டிலைச் சுற்றி வட்டமிடும் சட்டத்தரணிகளும் தோன்றினார்கள்; அப்படி வழக்குப் பிடிப்பதை டெக்சாஸ் குற்றமாக்கி வைத்திருக்கிறது. இதை இழிவென்று நம்மிற் பலர் முகஞ்சுளிப்பர். நாமும் இதை மெச்சவில்லை. ஆயினும் கையில் காசில்லாத தொழிலாளி பெருங்கம்பனியின் எதிரே சமமாக நிற்க முடிந்தது, அந்நாட்டிலே, இந்த முறையினால்தான். முகஞ்சுளிப்பவர்கள் வேறு வழியைக் காட்டவேண்டும். நம்மிடம் 1978ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. தொழிற்சங்கங்கள் உண்டு. கடல்மேடை விபத்துக்கு ஆயத்தமாக இவை கூடிப் பேசவேண்டும். மன்னாரில் மேடை எழுமாயின், அரசாங்கம் கம்பனியோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே, எந்த ஒப்பந்தகாரரின் ஆளாயினும் ஈட்டுக்கு மேடையை நடத்துவோனே முதற் பொறுப்பு என்று எழுதப்பட வேண்டும்; யார் யாரிடம் திருப்பி வாங்குவது என்பதை அவர்கள் பின்னர் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். விபத்தின் பின் நீட்டப்படும் எந்தப் படிவமும் தொழிலாளி வாசித்து விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். குறித்த நாட்கள் கழியுமுன் வாங்கிய கையொப்பம் செல்லாது என்ற விதியும் வேண்டும்.

இவை வரும்வரை, பிள்ளைகளை அனுப்பும் தாய் தந்தையர் ஒன்று செய்யலாம். வளைகுடாவுக்குப் போகிறவன் போகுமுன், தனக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பனியின் பெயர், வேலை நடக்கும் இடத்தின் சொந்தக்காரரின் பெயர், காப்புறுதி செய்த கம்பனியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு அறியட்டும். அறிந்ததை ஒரு தாளில் எழுதி, வேலை ஒப்பந்தத்தின் பிரதியையும் அதனுடன் சேர்த்து வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போகட்டும்.